கடைவாசலில் நின்றவர்கள்: யாழ்ப்பாணத்துத் தெருவோரக் கட்டடங்களும் நமது ஊர் வரலாறுகளும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் இடப்பெயர்களுட் பல, கட்டடங்களின் பெயர்களாகும். கந்தர்மடம், மருதனார்மடம், ஆறுகால்மடம், ஓட்டுமடம் ஆகியன வழிப்போக்கருக்கென எழுந்த மடங்களின் பெயரால் வழங்குவன. பெரியகடை, சின்னக்கடை, முட்டாசுக்கடைச் சந்தி ஆகியன வாணிபத்தின் பெயரால் வழங்குவன. ஈழத்துச் சித்தர் பரம்பரையிலே முதன்மை பெற்ற ஒருவர், பெரியகடை வீதிகளிலே திரிந்தமையாற் கடையிற் சுவாமிகள் என்றே அறியப்படலாயினார். பெயர் தந்த கட்டடங்களுட் பல மறைந்தொழிந்தபோதும் பெயர்கள் பேருந்து நடத்துநரின் வாயிலும் கடிதங்களின் முகவரியிலும் நிலைத்துள்ளன. மக்கள் தம் அன்றாட வழக்கிலே மடத்துக்கும் கடைக்கும் அளித்த இந்த முதன்மையை நமது வரலாற்று நூல்கள் அவற்றுக்கு அளித்துள்ளனவா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடந்த சில தசாப்தங்களிலே ஊர் வரலாற்று நூல்களும் கும்பாபிஷேக மலர்களும் பாடசாலை ஆண்டு நிறைவு மலர்களும் நினைவு மலர்களும் கணிசமான அளவில் வெளிவந்துள்ளன. இவற்றின் அமைப்பு ஏறத்தாழ ஒரே வார்ப்பினதாகும். ஊர்ப்பெயரின் காரணம் முதலிற் கூறப்படும். பின்னர் ஆலயங்களின் தோற்றமும் பாடசாலைகளின் வளர்ச்சியும் விரித்துரைக்கப்படும். இறுதியிலே புலவர், ஆசிரியர், வைத்தியர், உத்தியோகத்தர் எனப் பெரியோர் பட்டியல் இடம்பெறும். ஊர்மக்கள் நாள்தோறும் கூடிக் கலைந்த சந்தியும், அச்சந்தியின் கடைகளும் இவ்வமைப்பினுள் அடங்குவதில்லை. கடைகள் இம்மலர்களிலே தோன்றும் இடம் ஒன்றே ஒன்றுதான். அது பிற்பகுதியிலுள்ள விளம்பரப் பக்கங்களாகும்.

நாம் வாசியாது புரட்டிவிடும் அப்பக்கங்களே இன்று நமக்குக் கிடைக்கும் கடை வரலாற்று ஆவணங்களுட் பெறுமதி வாய்ந்தன என்பது சிந்தித்தற்குரியது. எந்தத் தெருவில் எந்த வாணிபம் நிகழ்ந்தது, கடையின் உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கு எப்போது மாறியது, மாட்டுவண்டிச் சாமான் விற்றவர் துவிச்சக்கரவண்டி உதிரிப்பாகங்களுக்கு எப்போது மாறினார் என்பனவற்றை ஒரு பாடசாலை மலரின் விளம்பரங்களை ஆண்டு முறைப்படி அடுக்கிவைத்து அறிந்துகொள்ளலாம். பல்கலைக்கழகச் சங்கங்களின் மலர்களும் இதற்கு விலக்கல்ல. கடைக்காரர் தந்த பணத்திலேயே அவற்றுட் பல அச்சேறியுள்ளன. ஆயினும் விளம்பரம் என்பது கடை உரிமையாளரின் குரல் என்பதை மறத்தலாகாது. கடையைத் திறந்தவர் யார் என்பதை அது சொல்லும். அக்கடை யாருக்குத் திறந்திருந்தது என்பதை அது சொல்வதில்லை. இவ்விரண்டாவது வினாவைக் கேளாத கடை வரலாறு பாதி வரலாறேயாகும்.

கடைகளுக்கு முன்னர் தெருவோரத்தை ஆண்டவை மடங்களே. மடம், கிணறு, கால்நடைக்கான தண்ணீர்த் தொட்டி, ஆவுரோஞ்சிக்கல், சுமைதாங்கி ஆகியன தனித்தனிப் பொருள்களல்ல. ஒரே தொகுதியின் உறுப்புகள். மனிதர் நடந்தும், எருதுகள் வண்டியிழுத்தும், பொருள்கள் தலைச்சுமையாகவும் சென்ற காலத்தின் தேவைகளை அத்தொகுதி நிறைவுசெய்தது. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அங்கே தெரு கட்டடத்தின் ஊடாகவே செல்கின்றது. இருமருங்கும் திண்ணைகளும் மேலே கூரையும் அமைந்துள்ளன. வழிப்போக்கர் தெருவை விட்டு விலகாமலே நிழலையும் ஓய்வையும் பெறத்தக்க அமைப்பு அது. சுமைதாங்கியோ இன்னும் நுண்ணிய மனநிலையின் வெளிப்பாடாகும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அதனை அமைப்பது வழக்கம். தன் சுமையை இறக்காமலே மாண்டவளின் பொருட்டுப் பிறர் தம் சுமையை இறக்கிவைக்க ஒரு கல் நாட்டப்பட்டது.

இக்கட்டடங்களைப் பற்றி எழுதுவோர் அவற்றை அறத்தின் சின்னங்களாகப் போற்றுவர். போற்றுதல் தவறன்று. ஆனால் அவர்களது எழுத்திலே மடத்தைக் கட்டுவித்தவரின் பெயர் வருகின்றது. சுமைதாங்கியிலே சுமையை இறக்கியவர் வருவதில்லை. தலைச்சுமையோடு வெயிலில் நடந்தவர்கள் விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசென்ற பெண்களும், மீன் விற்றவர்களும், கூலிக்குச் சுமந்தவர்களுமாவர். சாதியாசாரம் கிணற்றையும் கோயிலையும் வகுத்திருந்த ஒரு சமூகத்திலே மடத்துத் திண்ணையை மாத்திரம் அது வகுக்காது விட்டதா என்ற வினாவை இவ்வெழுத்துகள் எழுப்புவதேயில்லை. உபயகாரரின் கல்வெட்டு வரலாறாகின்றது. பயன்கொண்டவரின் கால்தடம் வரலாறாவதில்லை.

போக்குவரத்தின் மாற்றமே மடத்தின் வீழ்ச்சிக்கும் கடையின் எழுச்சிக்கும் முதற் காரணமாயிற்று. 1902 ஆம் ஆண்டிலே காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரத சேவை தொடங்கிற்று. 1905 இல் அப்பாதை தென்னிலங்கையோடு இணைந்தது. பின்னர் பேருந்துகள் வந்தன. இரண்டு நாள் நடை ஒரு முற்பகற் பயணமாகச் சுருங்கவே இராத்தங்கும் மடம் தேவையற்றதாயிற்று. பயணிக்கு இப்போது வேண்டியது படுக்கத் திண்ணையன்று. வண்டி வரும்வரை நிற்க ஒரு விறாந்தையும் குடிக்க ஒரு தேநீருமேயாம். சந்திகளிலும் புகையிரத நிலையங்களின் அருகிலும் கடைகள் பெருகின.

இவ்வளர்ச்சிக்கு வேண்டிய பணம் குடாநாட்டினுள் மாத்திரம் ஈட்டப்பட்டதன்று. யாழ்ப்பாணத்துப் புகையிலையும் சுருட்டும் தென்னிலங்கையின் சிறு நகரங்களுக்குச் சென்றன. அவற்றோடு யாழ்ப்பாணத்து வணிகரும் சென்றனர். சிங்களக் கிராமங்களிலே அவர்கள் நடத்திய சுருட்டுக்கடைகள் அவ்வூர்களின் வாழ்க்கையோடு ஒன்றியிருந்தன. அங்கே மிச்சம் பிடித்த பணம் இங்கே வீடாகவும் சீதனமாகவும் கடையாகவும் உருப்பெற்றது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் அக்கடைகளைச் சிதைத்தமை யாவரும் அறிந்ததே.

மடத்தின் அடிப்படை தானம். கடையின் அடிப்படை காசு. காசுக்குச் சாதியில்லை என்பது சந்தையின் கொள்கை. நிலமானிய உறவுகள் தளர்ந்து பண உறவுகள் வலுப்பெறும்போது பிறப்பாலான வேறுபாடுகள் தாமே மறையும் என எதிர்பார்ப்பாரும் உளர். யாழ்ப்பாணத்துக் கடைவாசல் அவ்வெதிர்பார்ப்பைப் பொய்ப்பித்தது. பலசரக்குக் கடையிலே இந்த முரண்பாடு வெளிப்படத் தோன்றவில்லை. காசைக் கொடுத்துப் பொட்டலத்தைப் பெற்றுக்கொண்டு செல்பவர் எவரோடும் அமர வேண்டியதில்லை. எப்பாத்திரத்தையும் பகிர வேண்டியதில்லை. தேநீர்க்கடையின் இயல்பு வேறு. அங்கே வாங்கு பொதுவானது; கோப்பை பொதுவானது; அருகிருந்து அருந்துதலே அங்கு விற்கப்படும் பொருள். எனவேதான் சாதி தன் காவலைத் தேநீர்க்கடையின் வாசலிலே நிறுத்தியது. ஒடுக்கப்பட்ட மக்கள் அதே காசைக் கொடுத்தும் உள்ளே அமர இயலாது வெளியே நின்றனர். அல்லது தரையிற் குந்தினர். அவர்களுக்கு வேறு பேணியும் சிரட்டையும் போத்தலும் வைக்கப்பட்டிருந்தன.

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இவ்வாறான மறுப்பைக் குற்றமாக்கியது. ஆயின் சட்டப் புத்தகத்திலிருந்து கடை வாங்கிற்கு வந்துசேரச் சட்டத்தாற் தனியே இயலவில்லை. 1966 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21 ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நிகழ்ந்த ஊர்வலமும், 1967 இல் உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கமும், சங்கானை முதலிய இடங்களில் நிகழ்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும், 1968 இல் மாவிட்டபுரம் ஆலய வாசலில் எழுந்த போராட்டமும் அப்பணியைச் செய்தன. அப்போராட்டங்களிலே உயிர்கள் இழக்கப்பட்டன. ஒரு கோப்பை தேநீருக்காகவா என்று கேட்பவர், அக்கோப்பையிலே எது தரப்பட்டது, எது மறுக்கப்பட்டது என்பதை உணராதவராவர்.

இவ்வரலாற்றை நமது ஊர் மலர்களிலே தேடினாற் கிடைப்பது அரிது. அதனைப் பேணிவைத்திருப்பது புனைகதையே. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972 இல் வெளிவந்தபோது அதனைக் கலைத்தன்மை குன்றிய பிரசாரம் என ஒதுக்கியோர் இருந்தனர். அதற்குச் சற்று முன்னரே முற்போக்கு எழுத்துகள் மீது ‘இழிசனர் இலக்கியம்’ என்ற வசை வீசப்பட்டிருந்தது. அந்நாவலின் கலைக்குறைகள் பற்றி விவாதிக்க இன்றும் இடமுண்டு. ஆனால் பிரசாரம் என்று ஒதுக்கியோர் ஒன்றை மறந்தனர். வரலாற்றாசிரியன் எழுதாது விட்டதை நாவலாசிரியன் எழுத நேரும்போது, அவனது எழுத்து சாட்சியத்தின் பாரத்தையும் சேர்த்தே சுமக்க வேண்டியதாகின்றது. அப்பாரம் நடையைத் தளர்த்தலாம். அதற்கான பொறுப்பு நாவலாசிரியனை மாத்திரம் சார்ந்ததன்று. எழுதாது விட்ட வரலாற்றாசிரியனையும் சாரும்.

தேநீர்க்கடையோடு ஒப்புநோக்கத்தக்க மற்றொரு தெருவோரக் கட்டடம் சிகை அலங்கரிப்பு நிலையம், அதாவது சலூன் ஆகும். முன்னர் இத்தொழில் குடிமைத் தொழிலாக இருந்தது. தொழிலாளி வீடு வீடாகச் சென்றான். வீட்டின் புறத்தே இருத்தப்பட்டுப் பணி செய்தான். கூலி என்பது தருபவரின் விருப்பையும் வழமையையும் பொறுத்திருந்தது. சலூன் அவ்வுறவைத் தலைகீழாக்கிற்று. இப்போது தொழிலாளி போவதில்லை. மற்றவர் அவனது இடத்துக்கு வருகின்றனர். கதிரை அவனுடையது, கண்ணாடி அவனுடையது, விலை அவன் குறித்தது. கட்டடம் ஒன்று ஏற்பட்டமையே ஒரு சமூக உறவின் மாற்றமாயிற்று. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்த ஜோசப் சலூனிலிருந்தே டொமினிக் ஜீவா 1966 ஆம் ஆண்டு ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கினார். ஈழத்து இலக்கியத்தின் நீண்ட ஆயுள் படைத்த சஞ்சிகைகளுள் ஒன்று கல்லூரியிலோ மடத்திலோ பிறவாமற் சலூனிலே பிறந்தமை தற்செயலன்று. தன் வாசலுக்குத் தானே உரியவனான ஒருவன், பிறருக்கும் ஒரு வாசலைத் திறக்க முடிந்தது.

முற்போக்குப் புனைகதையின் சாதனையை ஏற்கும்போது அதன் வரையறையையும் சுட்டுதல் விமர்சனத்தின் கடமையாகும். அப்புனைகதைகளிலே கடை போராட்டக் களமாக வந்த அளவுக்குத் தொழிற்களமாக வரவில்லை என்பது எமது கருத்து. கடைக்காரன் பெரும்பாலும் ஒடுக்குவோரின் பிரதிநிதியாகவே நிற்கின்றான். ஆனால் சந்தியிலே சிறுகடை வைத்திருந்தவன் தானும் ஒரு நெருக்குதலுள் இருந்தவனே. காணி ஒருவருடையது, சரக்கு மொத்த வியாபாரியிடம் கடனாகப் பெற்றது, வாடிக்கையாளர் ‘அவர்களை’ உள்ளே விட்டால் வரமாட்டோம் என்று மிரட்டுவோர். அவனது கோழைத்தனத்தை மன்னிக்க வேண்டியதில்லை. அதன் பொருளாதார வேர்களை விளங்கிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாறே அக்கடைகளின் பின்புறத்திலே விடியுமுன் அடுப்பு மூட்டிக் கோப்பை கழுவி, இரவிலே வாங்கின்மீது உறங்கிய சிறுவர்களின் கதையும் இன்னும் உரியவாறு எழுதப்படவில்லை.

தனியார் கடைக்கு மாற்றாக எழுந்த சங்கக்கடையும் இவ்வரலாற்றில் ஓரிடத்தை வேண்டி நிற்கின்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து உணவுப் பங்கீட்டோடு கூட்டுறவுப் பண்டகசாலைகள் நாடெங்கும் பெருகின. 1971 இலே அவை பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக மறுசீரமைக்கப்பட்டன. கூப்பன் புத்தகமும் நீண்ட வரிசையும் அக்காலத்தைப் பற்றிய கசப்பான நினைவுகளாகவே பேசப்படுகின்றன. தட்டுப்பாட்டின் துயரை மறுப்பதற்கில்லை. எனினும் அந்த வரிசையிலே முன்பின் என்பது வந்த நேரத்தைப் பொறுத்தது, பிறப்பைப் பொறுத்ததன்று. குடும்பத்தில் எத்தனை பேர் என்பதே அரிசியின் அளவைத் தீர்மானித்தது. தேநீர்க்கடை வாசலில் நின்றவருக்கு இவ்வரிசையில் நிற்றல் வேறொரு பொருளைத் தந்திருத்தல் கூடும். 1977 இன் திறந்த பொருளாதாரமும், 1978 இல் அரிசிப் பங்கீடு சுருக்கப்பட்டமையும், 1979 இல் உணவு முத்திரை அதனிடத்தைப் பெற்றமையும் சங்கக்கடையின் முக்கியத்துவத்தைக் குறைத்தன.

இதன்பின் நிகழ்ந்தவை கட்டடங்களின் அழிவாகும். 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் மாதத் தொடக்கத்திலும் யாழ்ப்பாணத்திலே நூலகம் எரிக்கப்பட்டபோது சந்தைக் கட்டடமும் கடைகளும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தன. நூலகத்தின் எரிவு நம் நினைவில் நிலைத்தது. சந்தையின் எரிவு அதன் நிழலில் மறைந்தது. 1990 இன் பின்னர் பொருளாதாரத் தடை வந்தது. சவர்க்காரமும் மின்கலமும் எரிபொருளும் அரும்பொருள்களாயின. தெருவோரத்திலே போத்தல்களில் விற்கப்பட்ட மண்ணெண்ணெயே அக்காலக் கடையின் அடையாளமாயிற்று. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது கடைகள் பூட்டியபடியும் திறந்தபடியும் விடப்பட்டன. 2002 இலே திறந்து, 2006 இலே மூடி, 2009 இலே மீண்டும் திறந்த கண்டி வீதி ஒவ்வொரு முறையும் சந்திகளின் தோற்றத்தை மாற்றியது.

இழப்பின் பின்னரே நினைவேக்க எழுத்துகள் பெருகின. புலம்பெயர்ந்தோர் எழுதும் நினைவுக் குறிப்புகளிலே சந்திக்கடை ஓர் இழந்த சொர்க்கமாக விரிகின்றது. தட்டி திறக்கும் ஓசை, இலாச்சியிலே சில்லறை கலகலக்கும் ஓசை, பாண் வாசனை, கடன் கொப்பியை நீட்டும்போது முகஞ்சுளியாத முதலாளி ஆகியன யாவும் மீட்டுருவாக்கப்படுகின்றன. இவை பொய்யல்ல. எரிக்கப்பட்ட ஒன்றை அன்போடு நினைத்தல் மனித இயல்பு. ஆனால் அந்தக் காட்சியில் எல்லோரும் கடையின் உள்ளேயே இருக்கின்றனர். வெளியே எவரும் நிற்பதில்லை. நினைவுகூர்பவர் எங்கே அமர்ந்திருந்து அக்கடையைக் கண்டார் என்பதை அவ்வெழுத்து தன்னையறியாமலே காட்டிக்கொடுத்து விடுகின்றது.

காயமுற்ற சமூகத்திலே இவற்றைக் கிளறுதல் ஒற்றுமையைக் குலைக்காதா என்ற வினா எழும். இதனை இலேசாக ஒதுக்குதல் நேர்மையன்று. அவ்வாறு கேட்போருட் பலர் தம் கடையும் வீடும் எரியக் கண்டவர்கள். எனினும் ஒன்றை அவர்களோடு சேர்ந்தே சிந்திக்கலாம். தென்னிலங்கையிலே ஒருவனது கடை எரிக்கப்பட்டமைக்கும், வடக்கிலே ஒருவன் கடைவாசலில் நிறுத்தப்பட்டமைக்கும் அளவிலும் கொடுமையிலும் வேறுபாடுகள் உண்டு. இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. ஆனால் பிறப்பின் பெயரால் ஒருவனுக்கு ஓரிடத்திலே இருக்கும் உரிமை இல்லையெனத் தீர்ப்பளித்தமை இரண்டிலும் உண்டு. முதலாவதை எழுதி இரண்டாவதை மறைக்கும் வரலாறு, முதலாவதன் நியாயத்தையும் வலுவிழக்கச் செய்கின்றது. மறைத்தலாற் பெறும் ஒற்றுமை மறைக்கப்பட்டவரின் ஒற்றுமையாக இருத்தல் இயலாது.

போர் முடிந்த பின்னர் யாழ்ப்பாண நகரிலே பேரங்காடிகளும் குளிரூட்டிய கடைத்தொகுதிகளும் எழுந்துள்ளன. அவற்றின் கண்ணாடிக் கதவு எவரது பிறப்பையும் வினவுவதில்லை. விலை பொருளிலேயே ஒட்டப்பட்டுள்ளது. 1966 இலே சுன்னாகத்திலிருந்து நடந்தவர்கள் கேட்டதன் ஒரு பகுதி இங்கே கிட்டியுள்ளது எனலாம். மற்றொரு பகுதி கிட்டவில்லை. கையிற் காசில்லாதவருக்கு அக்கதவு திறந்தும் பயனில்லை. மாத இறுதிவரை பொறுத்திருந்த கடன் கொப்பி அங்கே இல்லை. பழைய கடை ஆளை அறிந்திருந்தது. அறிந்திருந்தமையால் கடனும் கொடுத்தது, வாசலில் நிறுத்தியும் வைத்தது. புதிய கடை ஆளை அறியாது. இவ்விரண்டிலே எது மேலானது என்று தீர்ப்பிடுவதிலும் பார்க்க, ஆளை அறிந்தும் அவமதியாத ஓர் உறவு ஏன் நமது தெருக்களில் உருவாகவில்லை என்று கேட்பதே பயனுடையதாகும்.

இவ்வினாவுக்கு விடை காணத் தகவல் வேண்டும். தகவல் தருவோர் வேகமாக மறைந்து வருகின்றனர். 1968 இலே இருபது வயதாயிருந்தவர் இன்று எண்பதை அணுகுகின்றார். பழைய கணக்குக் கொப்பிகள் கறையானுக்கு இரையாகின்றன. வீதி அகலிப்பின்போது பெயர்ப்பலகைகள் விறகாகின்றன. தமிழையும் வரலாற்றையும் சமூகவியலையும் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் விடுமுறையிலே தத்தம் ஊர்ச் சந்தியொன்றை எடுத்து, அங்கிருந்த கட்டடங்கள் எவை, எவரால் நடத்தப்பட்டன, எப்போது என்னவாக மாறின எனப் பதிவு செய்யலாம். கடை நடத்தியவரிடம் கேட்கும் அதே பொறுமையோடு கோப்பை கழுவியவரிடமும், உள்ளே அமர்ந்தவரிடமும், வெளியே நின்றவரிடமும் கேட்டல் வேண்டும். நமது சங்கம் இம்முயற்சிக்குத் தலைமை தாங்கி, வருங்கால மலர்களிலே சில பக்கங்களை இதற்கென ஒதுக்குமாயின், கடைகள் விளம்பரப் பக்கங்களிலிருந்து வெளியேறி வரலாற்றினுள் இடம்பெறும். வாசலில் நிறுத்தப்பட்டவர்களும் அவற்றோடு கூடவே உள்ளே வருவர்.